இரண்டு போனில் மட்டும் இருந்த படம்

புழல் சிறை
9.3.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அந்தோணி அக்காவுக்கு,

தம்பி லூர்துசாமி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், சோறு இறங்குகிறது. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மீன் கூடையோடு ராஜா அண்ணாமலைபுரத்து மாடிப்படி எல்லாம் ஏறாதே. கீழேயே நின்று குரல் கொடு, வேண்டியவர்கள் இறங்கி வரட்டும்.

இங்கே எழுதுகிற கடிதத்தை ஆபீசில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்கள். படிக்கட்டும். போலீஸ் வந்து இழுத்துப் போன அன்று உன்னிடம் ஒரு வார்த்தை பேச விடவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

படகு இஞ்சினுக்குப் பார்ட் வாங்கக் கிண்டி எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ரேஸ்கோர்ஸ் பக்கத்து சிக்னலில் ஒரு கிழவன் உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் பேனர். அதில் என் மகள், நம் ஏஞ்சல். கோயிலில் புதுநன்மை வாங்க எடுத்த வெள்ளை கவுன் போட்டு, முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறாளே, அந்தப் படம். கீழே சிவப்பு எழுத்தில், ‘ரத்தப் புற்றுநோயால் வாடும் இந்தக் குழந்தையைக் காப்பாற்ற உதவுங்கள்.’ பிள்ளையை மண்ணில் வைத்து எட்டு மாசம் ஆகிறது, இவன் அவளைக் காப்பாற்றச் சொல்லிக் காசு வாங்குகிறான். பையில் பெரிய ஸ்பானர் இருந்தது. எடுத்தேன்.

மூஞ்சியிலும் கையிலும் அடித்தேன். எலும்பு உடைவது ஸ்பானர் வழியாகக் கைக்குத் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். செத்திருப்பான் என்று நினைத்தேன். பிழைத்துவிட்டான் என்று இங்கே வந்த பிறகுதான் சொன்னார்கள். வெளியே வந்ததும் மிச்சத்தை முடிப்பேன்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்தப் படம் உன் போனிலும் என் போனிலும் தவிர எங்கேயும் இல்லை. நான் கொச்சியில் வேலையில் இருந்தபோது நீ எடுத்து எனக்கு அனுப்பியது. கடைத்தெருவில் ஷஃபியுல்லாவிடம் போனைப் பழுது பார்க்கக் கொடுத்தாயே, அங்கேதான் களவு போயிருக்க வேண்டும். நன்றாக யோசித்து எழுது.

உன் தம்பி
லூர்து

*

சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம்
23.3.2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி லூர்துசாமிக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது, நான் மாடிப்படி ஏறுகிறேன், ஏறாவிட்டால் யார் எனக்குச் சோறு போடுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் இருமல் வருமே, அது நின்றதா?

தவக்காலம் வந்துவிட்டது. நம்மவர்கள் கறி எடுப்பதில்லை, வெள்ளிக்கிழமை மீன் நன்றாகப் போகிறது. கோர்ட்டில் இலவசமாக ஒரு வக்கீல் போட்டிருக்கிறார்கள். பத்ரிநாராயணன், மயிலாப்பூர்க்காரர். நல்ல மாதிரியாகத் தெரிகிறார், மீன் கூடையைப் பார்த்தால் மட்டும் நாலடி தள்ளி நிற்கிறார்.

அந்த மனுஷரைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதுகிறேன். பெயர் அப்துல் சமத். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடியிருப்பு, ஆட்டோ ஓட்டியவர். அவருடைய மகனும் இதே நோயில் போனவனாம். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறார். வலது கண் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது.

போன் விஷயம் யோசித்துப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
அந்தோணியம்மாள்

*

புழல் சிறை
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் நின்றுவிட்டது. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அது என்ன ‘அவர்’? ‘அந்த மனுஷர்’? என் பிள்ளையின் பிணத்தை வைத்துப் பிச்சை எடுத்தவனுக்கு என்ன மரியாதை? ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கண்ணையும் விரலையும் எண்ணிவிட்டு வந்தாயா?

போன மாசம் இந்த பிளாக்கில் ஒருத்தன், “நீயே அந்த ஆளோட பார்ட்னர் தான, பங்குல சண்டை, அதான் போட்டுட்ட” என்று கேட்டான். கழிப்பறைச் சுவரில் அவன் தலையை மோதினேன். இரண்டு பல் கீழே விழுந்தது. அதற்குப் பத்து நாள் தனிக் கொட்டடி. கொட்டடியில் ஒரு வேலையும் இல்லை, அந்தக் கிழவனை எப்படிக் கொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர் வேண்டாம், கையே போதும்.

ஷஃபியுல்லா கடைதானா என்று நேராக எழுது. நீ எழுதாவிட்டால் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது.

லூர்து

*

சீனிவாசபுரம்
11.5.2025

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல் ஆனதற்கு வேறு காரணம் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது, வேலையில்லாத ஆண்பிள்ளைகள் குடித்துவிட்டுச் சண்டை வளர்க்கிறார்கள். அதில் உன் சிநேகிதன் கதிரேசனுக்கு நீ சொல்லி அனுப்பிய வேலை வேறு. நாலு பேரோடு போய் ஷஃபியுல்லாவைக் கடையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறான். கடைக் கண்ணாடியை அவன் மேலேயே உடைத்திருக்கிறான். முதுகில் முப்பது தையல். அவன் பெண்டாட்டி ஜைதூன் பீ என் கூடைக்கு எதிரே வந்து நின்றாள். திட்டவில்லை. “உன் போன்ல என் புருசன் கண்ணாடி மட்டும்தான்க்கா மாத்தினாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஒரு மீன் கூட விற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷஃபியுல்லா திருடவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அவனைத் தொடாதே, அவ்வளவுதான்.

அக்கா

*

புழல் சிறை
24.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு இங்கே ஒருத்தர் தைலம் சொன்னார், பெயர் எழுதி வைத்திருக்கிறேன், வரும்போது சொல்கிறேன். ஷஃபியுல்லாவுக்கு நடந்தது கொஞ்சம் கூடுதல்தான். கதிரேசனுக்குக் கை நிற்காது.

போன வியாழக்கிழமை என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிழவன் சாட்சி சொன்னான். ஒரு பக்கத்துக் கண் தையல் போட்டு மூடியிருக்கிறது, வாய் கோணிப் போய்விட்டது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஜட்ஜ் படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும், “கொழந்தையோட அத்தை அந்தோணியம்மா குடுத்தாங்க சார், அவங்க சொன்ன மாதிரிதான் போட்டேன்” என்றான். என் காதாலேயே கேட்டேன் அக்கா. உன் பெயரை இழுக்கிறான். அவன் நாக்கை அறுத்துக் கடலில் வீசினால் நாய்மீன் கூடத் தின்னாது.

அது போதாதென்று சர்க்கார் வக்கீல் ஒரு உயிலைக் கொண்டுவந்து காட்டினார். கிழவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிப் பதிவு செய்ததாம். தனக்குப் பிறகு தன் ஆட்டோ, இந்த நோய் வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பெற்றோர் குழுவுக்குச் சேர வேண்டுமாம். தர்மப் பிரபு. எல்லாம் நாடகம்.

வெளியே வந்ததும் பத்ரி சார் என்னிடம் சொன்னது இது: “உங்க அக்கா கோர்ட்டுக்கு வந்து, ‘படத்தை நான் குடுக்கலை’ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போறும்ப்பா. ஏமாத்துக்காரனைப் பார்த்து ஒரு தகப்பன் ஆத்திரப்பட்டான்னு நான் கேஸைத் திருப்பிடறேன். சொல்லலேன்னா ஏழு வருஷம், பத்து வருஷம்கூட ஆகலாம்.” நடந்த உண்மையைத்தானே சொல்லப் போகிறாய். உன்னைப் பார்க்க வருவார். சரி என்று சொல்லிவிடு.

நான் சீக்கிரம் வெளியே வர வேண்டும். அவன் தானாகச் சாவதற்கு முன்னால் வர வேண்டும்.

லூர்து

*

சீனிவாசபுரம்
29.6.2025

தம்பிக்கு,

சுகமாக இரு.

பதினாலாம் தேதி ஏஞ்சலுக்கு முதல் வருஷம். கோயிலில் பூசை கொடுத்தேன். கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி கொளுத்தினேன், கடல்காற்றில் நிற்கவில்லை. அன்றோடு தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலில் இறங்கியது. நம் படகை மாமன் மகன் எடுத்துப் போகிறான்.

வக்கீல் வந்தார். கேட்டார். எனக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த உயில் நாடகம் இல்லை லூர்து. அதை மட்டும் நம்பு.

அக்கா

*

புழல் சிறை
8.7.2025

அக்காவுக்கு,

நலம் எல்லாம் விசாரிக்கிற மனசு இல்லை.

வக்கீல் மூன்று தடவை உன் வாசலுக்கு வந்தாராம். மூன்று தடவையும் உனக்குத் தலைவலி. பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகும்போதே பெற்றவள் போய்ச் சேர்ந்தாள், உன் கையில்தான் என் மகளைக் கொடுத்தேன். அவளுக்காக ஒரு வாக்கியம் சொல்ல உன் வாய் வரவில்லையா? அந்தக் கிழவன் ஆட்கள் மிரட்டுகிறார்களா? அப்படியானால் பயப்படாதே. நாடகம் இல்லை என்கிறாயே அந்த ஆட்டோ, அதை வைத்துத்தானே கோர்ட்டில் நல்லவன் வேஷம் போடுகிறான். போன வாரம் கதிரேசன் மனு போட்டு என்னைப் பார்க்க வந்திருந்தான். பேசிவிட்டேன்.

லூர்து

*

சீனிவாசபுரம்
3.8.2025

சேசு மரி சூசை துணை

தம்பி லூர்துசாமிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஆபீசில் படிக்கிறவர்களும் படிக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை கதிரேசன் அந்த ஆட்டோவைக் கொளுத்திவிட்டான். ஆட்டோ குடிசைக்குப் பக்கத்தில் நின்றதால் குடிசையும் பிடித்தது. சமத் பாய் ஒரே கையால் கதவை இழுத்திருக்கிறார், அந்தக் கையும் வெந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். ஆட்டோவில் இரும்புக் கூடு மட்டும் மிச்சம். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கதிரேசன் பெயரைச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். குப்பத்தில் ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை. என் வீட்டு மேல் இரண்டு நாளாகக் கல் விழுகிறது. விழட்டும்.

படத்தைக் கொடுத்தது நான்தான்.

நீ கொச்சியில் படகு வேலையில் இருந்தாய். பிள்ளைக்கு ரத்த அணு இறங்கிவிட்டால் பஸ்ஸில் கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது, காய்ச்சல் ஒட்டினால் போச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நான் விழித்துக்கொண்டு நின்றபோது சமத் பாய்தான் வந்தார். அவர் மகன் சாகும்போது அவர் அப்படி நின்றவராம். இருபத்திரண்டு தடவை ஏஞ்சலை அந்த ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். ஒரு தடவை கூடக் காசு வாங்கவில்லை. சிரிக்கவும் மாட்டார், எரிந்து விழுவார், பிள்ளை மட்டும் அவர் காதைப் பிடித்துத் திருகுவாள். அவளுக்கு ரத்தத் தட்டணு வாங்கியது எல்லாம் அந்தப் பெற்றோர் குழு உண்டியலில்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து, பிழைக்கக்கூடிய பிள்ளைகளுக்காக வசூல் பண்ணுகிறார்கள். அந்த உண்டியல் பேனருக்குத்தான் அப்போது படத்தைக் கொடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை. உன் மகளுக்குப் பிச்சை எடுத்தோம் என்று சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன்.

அவள் போன பிறகு அவர் புது பேனர் அடித்துக் கொண்டுவந்தார். அதே படம். கீழே, ‘ஏஞ்சல் நினைவாக, மற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள்.’ நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன். “எம் பொண்ணு உசுரோட கீறா. பழசையே போடு” என்றேன். “இது பொய்யாப் பூடும்மா, தப்பு” என்றார். ரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன். என் தொல்லை தாங்காமல் பழைய பேனரையே கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். யாரோ ஒருத்தன் சிக்னலில் நின்று அவளைப் பார்த்து, பிழைக்கட்டும் என்று நினைத்துக் காசு போடுகிறான் இல்லையா, அது எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவுதான் புத்தி. ஏமாற்றியது நான். கண் போனது அவருக்கு. முதுகு கிழிந்தது ஷஃபியுல்லாவுக்கு.

நீ கேட்ட முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உனக்கு ஜெயில் கூடும், சொல்லாவிட்டால் நீ வெளியே வந்து அவரைக் கொல்வாய். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோர்ட்டுக்கு வருகிறேன். இதைத்தான் சொல்வேன். உனக்குப் பத்து வருஷம் ஆனாலும் சொல்வேன். வெளியே வந்து யாரையாவது கொல்ல வேண்டும் என்றால் என்னிடமிருந்து ஆரம்பி.

உன் அக்கா
அந்தோணியம்மாள்

*

புழல் சிறை
21.9.2025

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன் தலையில் கல் ஏதும் பட்டதா? பட்டிருந்தால் மறைக்காமல் எழுது.

படம் நீ கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்து தெரிந்தது இல்லை. கோர்ட்டில் கேட்டுத் தெரிந்ததும் இல்லை. அன்றைக்கே தெரியும். சிக்னலில் நான், “அது எம் பொண்ணுடா” என்று கத்தி முதல் அடியைத் தோளில் போட்டேன். இரண்டாவதுக்குக் கை ஓங்கும்போது அவர் இரண்டு கையையும் தூக்கி, “அடிக்காத நைனா, அந்தோணியம்மா குடுத்த படம், ஒன் அக்காவைக் கேளு” என்றார். சத்தம் போட்டுச் சொன்னார். நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மூஞ்சியில் அடித்தேன். பதினோரு அடி. எல்லாம் உன் பெயரைக் கேட்ட பிறகு.

ஏன் என்று நீ கேட்பாய். ஏஞ்சல் செத்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன், போன் எடுக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். கரையில்தான் இருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கடைசி மூன்று நாளும் நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் போன் மணி அடித்து நிற்கிற வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயம் அக்கா. அவள் முகத்தைப் பார்க்கப் பயம். என்னைப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். வேலைக்குத்தான் கொச்சிக்குப் போனேன் என்பதும் பாதிதான் உண்மை. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன மறு வாரம் கிளம்பியவன் நான்.

நான் ஓடிப் போனேன், யாரோ ஒரு கிழவன் என் மகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறான், அதற்கு நீ சம்மதம் கொடுத்திருக்கிறாய். அதைத்தான் அடித்தேன். உன் பெயர் என் காதில் விழுந்தது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அதனால்தான் கொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். ஷஃபியுல்லா பெயரைச் சொன்னதும் அதற்காகத்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

அக்டோபர் ஏழாம் தேதி, உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஜட்ஜ் என்னைக் கேள்வி கேட்பார். நானே சொல்லிவிடுகிறேன். ஆட்டோவைக் கொளுத்தச் சொன்னதையும் சொல்கிறேன். நீ கூண்டில் ஏற வேண்டாம்.

தம்பி
லூர்துசாமி

*

சீனிவாசபுரம்
12.10.2025

சேசு மரி சூசை துணை

லூர்துசாமிக்கு,

நெற்றியில் ஒரு கல் பட்டது, ஆறிவிட்டது. முட்டி வலிக்கிறது. கதிரேசன் வீட்டார் என் கூடையைக் கவிழ்த்தார்கள், மறுநாள் வேறு கூடை வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னதை எல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். பத்ரி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். ஜட்ஜ், தெரிந்துதான் சொல்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார், நீ இரண்டு தடவையும் ஆமாம் என்றாய். உன்னை வேனில் ஏற்றிய பிறகு, தீர்ப்பு வரும்போது ஏழு வருஷத்துக்குக் குறையாது என்று பத்ரி சார் சொன்னார். பக்கத்தில் சமத் பாய் நின்றிருந்தார். “ஏழா? பத்தாது” என்றார். நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன், காலை இழுத்துக்கொண்டார். “மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேக்காதம்மா, எனக்கு வராது. உண்டியல எடுத்துக்கினு போ, என் கையால இனி ஆவாது” என்றார். இப்போது காலையில் மீன் விற்றுவிட்டுப் பத்து மணிக்குக் கிண்டி சிக்னலில் நிற்கிறேன். ‘ஏஞ்சல் நினைவாக’ என்று புது பேனர். நானே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இந்த வீட்டில் என் பங்கை எனக்குப் பிறகு அந்தக் குழுவுக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டேன். எரிந்த ஆட்டோவுக்கு நம் குடும்பம் வேறு என்ன கொடுக்க முடியும். உன் பங்கு உனக்கு இருக்கிறது.

இனி நான் கேட்க வேண்டியது. நான்தான் பாவி, நான்தான் பாவி என்று எட்டு மாசம் வெந்தேன். உனக்குத் தெரிந்தே வேகவிட்டாய். போன் எடுக்காததை நான் மன்னிப்பேன் லூர்து. பயந்தவனை மன்னிக்கலாம். பிள்ளை போகிற நேரத்தில் எனக்கும் ஓடிவிட வேண்டும் போல்தான் இருந்தது, ஓட இடமில்லை.

ஆனால் அந்தப் பிப்ரவரி நாள். நீ மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். சட்டையில் ரத்தம், இஞ்சினைக் கழற்றும்போது கையைக் கிழித்துக்கொண்டேன் என்றாய். நான் மஞ்சள் பொடி எடுத்துவந்தேன், வேண்டாம் என்றாய். வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தேன். தட்டு போட்டேன். என் பெயரைக் கேட்டு, கேட்ட பிறகு பதினோரு தடவை அடித்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கையால் போட்ட சோற்றைச் சாப்பிட்டாய். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். போலீஸ் வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அக்கா, அந்தப் படத்தை நீ கொடுத்தாயா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அப்போதே ஆமாம் என்றிருப்பேன். ஷஃபியுல்லா முதுகு பிழைத்திருக்கும். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஏன் கேட்கவில்லை? சனிக்கிழமை மனு போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன். வேறு எதுவும் பேச மாட்டேன். அந்தச் சோற்றைச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று மட்டும் சொல். சொல்கிற வரை வாரா வாரம் வருவேன்.

உன் அக்கா
அந்தோணியம்மாள்